நூற்று முப்பத்தொரு எழுத்து

ஜனவரி 10, 1994, திங்கள்

இந்த ஆண்டின் ஏழாவது புகார். ஆண்டு பிறந்து இன்னும் பத்து நாள் முழுதாக ஆகவில்லை.

ஏழும் ஒரே புகார்தான். பனிக் கணிப்பு நிரலில் கட்டளை அடிக்கும்போது நடுவில் ஒரு எழுத்து தப்பாகிவிட்டால், பின்னால் போய் அதை மட்டும் திருத்த முடியவில்லை. இடது அம்பு விசையை அழுத்தினால் நகராமல், திரையில் ஒரு கூரைக் குறி, இரண்டு அடைப்புக் குறி, ஒரு ‘D’ என்று துப்பி வைக்கிறது. கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வரவேண்டும். இல்லாவிட்டால் முதலிலிருந்து அடிக்கவேண்டும். கட்டளையோ சின்னதில்லை. ஏரியின் எந்தப் பகுதி, காற்று எங்கிருந்து, எவ்வளவு வேகம், தண்ணீர் எத்தனை டிகிரி, எந்த ஊரின் குடிநீர்க் குழாய் — எல்லாம் ஒரே வரியில். இன்று எண்ணிப் பார்த்தேன். நூற்று முப்பத்தொரு எழுத்து.

இந்தத் தடவை வந்தவர் எமெட் ஹாலரன். பனிக் கணிப்பு மேசையில் இருபத்தாறு வருஷமாக இருப்பவர். அக்டோபரில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டார். இடது கையின் இரண்டு விரலால் அடிக்கிறார்.

கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “லொரெட்டா, உன் புரோகிராம் எனக்கு வாத்தியார் மாதிரி இம்போசிஷன் குடுக்குது.”

அது என் நிரல் இல்லை. எழுதியவர் ஓய்வு பெற்று அரிசோனாவில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கிறார். ஆனால் இந்த ஏரி ஆய்வகத்தில் எந்த நிரல் முரண்டு பிடித்தாலும் அது லொரெட்டா ஜூபானின் நிரல்தான்.

ஜனவரி 11, செவ்வாய்

இதற்கென்றே நிரலகங்கள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள், இருக்கின்றன. அடிக்கிற வரியில் முன்னும் பின்னும் போக, நடுவில் திருத்த, சற்றுமுன் அடித்ததை மேல் அம்பால் திரும்பக் கொண்டுவர — யாரோ புண்ணியவான்கள் எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். எடுத்து நம் நிரலோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேண்டியதுதான் என்று எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

இன்று முழுக்கக் கணக்கெடுத்தேன். ஆய்வகத்தில் இருபத்து மூன்று நிரல்கள் இப்படி உட்கார்ந்து கட்டளை கேட்கின்றன. ஒன்பதில் ஏதோ ஒரு நிரலகத்தைச் சேர்த்திருக்கிறார்கள். பதினான்கில் ஒன்றுமே இல்லை. சேர்த்த ஒன்பதிலும், சேர்ப்பதற்கு மட்டுமே இருநூறு முந்நூறு வரி. திரையைத் தயார் செய், நிரலகத்தை எழுப்பு, விசைகளைச் சொல்லிக்கொடு, பழைய வரிகளைக் கோப்பிலிருந்து படி, முடியும்போது எல்லாவற்றையும் பழையபடி வை. ஒன்பது பேர் ஒன்பது விதமாக எழுதியிருக்கிறார்கள்.

ஒன்பது பேர் என்பது பொய். அதில் ஐந்தை எழுதியது நான். ஐந்தும் ஐந்து விதம். நான் என்ன நினைத்துக்கொண்டு எழுதினேன்?

ஜனவரி 13, வியாழன்

ராய்ஸ் டில்மனிடம் கேட்டேன். அடுத்த அறை. கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை, அவனுக்கும் சந்தேகமில்லை. இந்தத் தொல்லைக்காகவே போன வருஷம், நிரலுக்கும் நிரலகத்துக்கும் நடுவில் நிற்கிற மாதிரி ஒரு அடுக்கு எழுதிவிட்டானாம். எந்த நிரலகமாக இருந்தாலும் தன் அடுக்கு வழியாகப் பேசலாமாம். விளக்கக் குறிப்பைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டான். நாற்பத்தொரு பக்கம். மாற்றிக்கொள்ளக்கூடிய அமைப்புகள் மட்டும் அறுபத்து நாலு.

“எனக்கு ஒரு வரி வேணும், ராய்ஸ். அவங்க அடிக்கறது. அவ்வளவுதான்.”

“அது பதினேழாம் பக்கத்துல இருக்கு,” என்றான்.

ஜனவரி 14, வெள்ளி

ராய்ஸின் அடுக்கைப் பனி நிரலில் பொருத்தினேன். பதினேழாம் பக்கத்துக்குப் போக ஒன்பதாம் பக்கம் வேண்டும். ஒன்பது புரிய முப்பத்து மூன்று. ஒருவழியாகப் பொருந்தியது. அம்பு விசை வேலை செய்தது. நானே இரண்டு தடவை முன்னும் பின்னும் போய் ரசித்தேன்.

பிற்பகலில் எமெட்டுக்குக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் நிரல் வேறு ஏதோ காரணத்தால் விழுந்தது. விழுந்ததோடு திரையையும் ஊமையாக்கிவிட்டுப் போனது. என்ன அடித்தாலும் எழுத்து தெரியவில்லை. அவர் இயந்திரம் செத்துவிட்டது என்று நினைத்து மின்சாரத்தையே பிடுங்கிவிட்டார். காலையிலிருந்து சேர்த்த அளவீடுகள் போயின.

பழையதையே திரும்ப வைத்தேன். அவர் பேசாமல் அளவீடுகளை முதலிலிருந்து சேர்க்க ஆரம்பித்தார். அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜனவரி 18, செவ்வாய்

கார் கிளம்பவில்லை. மூக்குக்குள் முடி உறைகிறது. நாளை இதைவிட மோசமாம்.

ஜனவரி 19, புதன்

ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. கிளீவ்லாந்தில் பிறந்து நாற்பத்து நாலு வருஷம், இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை. பாதிப் பேர் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் தொற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. எமெட் ஏழு மணிக்கே வந்து மேசையில் இருந்தார்.

காற்று மேற்கிலிருந்து. ஏரியில் பனி மூடாத இடம் இன்னும் நிறைய இருந்தது. இந்த மாதிரி நாளில்தான் ஆபத்து. தண்ணீருக்குள்ளேயே ஊசி ஊசியாகப் பனி பிடித்து, குடிநீர் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். நாம் முன்னாலேயே சொல்லிவிட்டால் நீரேற்று நிலையத்தில் உறிஞ்சுவதைக் குறைத்துத் தப்பித்துக்கொள்வார்கள்.

கிழக்கே ஹார்லோ பாயின்ட் என்ற ஊருக்கு எச்சரிக்கை போகவேண்டிய நேரம் எட்டரை. போனது ஒன்பது பத்துக்கு. எட்டே முக்காலுக்கே அவர்களின் குழாய் அடைத்துவிட்டது. சாயங்காலம் வரைக்கும் ஊருக்குத் தண்ணீர் இல்லை. மருத்துவமனைக்கு லாரியில் கொண்டுபோனார்களாம், வழியில் லாரித் தண்ணீரும் உறைந்ததாம்.

நான் போனபோது எமெட் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

“ஆறு தடவை அடிச்சேன்,” என்றார்.

ஜனவரி 20, வியாழன்

கார்ல் வெஸ்டர்பெர்க் கூட்டம் போட்டார். எங்கள் தலைவர். நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்தால் கோபப்படவாவது வசதியாக இருக்கும்.

“நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா ஒரு கையோட அந்த மேசைல உக்கார முடியாது. இது எமெட்டுக்கே நல்லதில்ல,” என்றார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அவரைப் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு மாற்றுவதாம். பிடிக்காவிட்டால் ஓய்வு. அறிக்கையில் எழுதப்போவது: மனிதத் தவறு.

அவரைப் பற்றிய கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? மனிதத் தவறாம். யாருடைய தவறு? அம்பை அழுத்தினா ‘D’ போடறது மனுஷன் தப்பா? அந்த மனுஷன் வந்து கதவுல நின்னு சொல்லிட்டுத்தானே போனாரு. குழாய் அடைக்கறதுக்கு ஒம்பது நாளைக்கு முன்னாடி.

ஜனவரி 21, வெள்ளி

பனி நிரலுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. வாங்கிய ஒவ்வொரு வரியையும், ஏற்றுக்கொண்டதா தள்ளிவிட்டதா என்பதையும், நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதி வைக்கும். யாரும் படிப்பதில்லை. இன்று படித்தேன்.

புதன்கிழமைக் காலை. ஒரே கட்டளை ஆறு தடவை. முதல் தடவை ஒன்பதாவது எழுத்தில் தப்பு. அடுத்தது நூற்றுப் பதினெட்டாவதில். அப்புறம் காற்றின் வேகத்துக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டுப் போயிற்று. ஆறாவது ஏறும் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு எழுத்து. ஒவ்வொரு தடவைக்கும் ஏழு நிமிஷம்.

பிறகுதான் தோன்றியது, மற்றவர்கள் மட்டும் எப்படி? நவம்பர் வரைக்கும் பின்னால் போய், யார் எந்த நேரம் மேசையில் என்ற பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணினேன். அந்த மேசையில் மாறி மாறி உட்காரும் ஐந்து பேர். நூறு வரி அடித்தால் தள்ளப்படுவது: ஒருவருக்கு நாற்பத்து நாலு, ஒருவருக்கு நாற்பத்தொன்று, இன்னும் இரண்டு பேருக்கு முப்பத்தாறு. சோதனைக்காக அடித்த எனக்கு முப்பத்தெட்டு.

எமெட்டுக்கு இருபத்தொன்பது.

மூன்று தடவை எண்ணினேன். இருபத்தொன்பதுதான். ஐந்து பேரில் தவறு குறைவாகச் செய்பவர் அவர். மற்றவர்கள் இரண்டு கையால் தடதடவென்று திரும்ப அடித்துவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரி 24, திங்கள்

தாளைக் கொண்டுபோய்க் கார்லின் முன்னால் வைத்தேன். நிதானமாகப் படித்தார். “அப்ப சரி பண்ணுங்க, லொரெட்டா,” என்றார். மார்ச் முதல் தேதிக்குள் சரியாகிவிட்டால் ஏப்ரல் விஷயத்தைத் திரும்ப யோசிக்கலாமாம். யோசிக்கலாம், அவ்வளவுதான். அடுத்த வருஷம் எப்படியும் சுட்டியால் சொடுக்குகிற புது நிரல் வரப்போகிறதே என்றும் சொன்னார். அது வரப்போவதாக நான் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 25, செவ்வாய்

காலையிலிருந்து ஒரு எழுத்துகூட நிரல் எழுதவில்லை. வெறும் தாளில் ஒரே கேள்வி. ஒரு நிரலுக்கு உண்மையில் என்ன வேண்டும்?

“இந்தச் சொல்லைத் திரையில் காட்டு. அவர் அடித்து முடித்ததும் அந்த வரியை என்னிடம் கொடு.”

வேறொன்றும் இல்லை. எந்த நிரலகம் என்று அதற்கு எதற்குத் தெரியவேண்டும்? திரை எந்த நிலையில் இருக்கிறது என்று எதற்கு? பழைய வரிகள் எந்தக் கோப்பில் என்று எதற்கு? இதெல்லாம் தெரிந்தே ஆகவேண்டும் என்று நினைத்துத்தான் இருநூறு வரி எழுதினோம். ஐந்து தடவை எழுதினேன்.

ஒரே ஒரு அழைப்பு. காட்டவேண்டிய சொல்லைக் கொடுத்தால் வரி திரும்பி வரும். மற்றதெல்லாம் உள்ளே, என் பொறுப்பு. அந்த இயந்திரத்தில் பெரிய நிரலகம் இருந்தால் பெரியது, இல்லாவிட்டால் சின்னது, எதுவுமே இல்லாவிட்டால் பழையபடி வெறுமனே வாங்கிக்கொள்ளட்டும். நிரலை எழுதியவன் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கட்டும்.

ஜனவரி 27, வியாழன்

மேலிடத்திலிருந்து வழக்கறிஞர் தொலைபேசினார். பெரிய நிரலகத்தைச் சேர்த்தால், அதன் உரிமத்தின்படி, வெளியே கொடுக்கும்போது நாம் எழுதிய மூல நிரல் வரிகளையும் சேர்த்துக் கொடுக்கவேண்டுமாம். துறைமுகத்துக்குக் கொடுக்கும் நாலு நிரல்களில் அது முடியாது. “பேரு மட்டும் மாத்தி வெச்சுக்க முடியாதா?” என்று கேட்டார். நான் சிரித்ததை இருமல் என்று நினைத்துக்கொண்டார்.

கொடுத்தவன் சொன்ன நிபந்தனை நியாயமானதுதான். அந்த நாலுக்கும் சின்ன நிரலகம். அழைப்பு மட்டும் அதே அழைப்பு.

பிப்ரவரி 2, புதன்

அழிப்பு விசை.

ஒரு நாள் முழுக்க அழிப்பு விசை. மூன்று விதமான இயந்திரங்கள், மூன்றிலும் அந்த விசை மூன்று வெவ்வேறு எழுத்தை அனுப்புகிறது. ஒன்றில் அழிக்கிறது. ஒன்றில் உதவிக் குறிப்பைத் திறக்கிறது. இன்னொன்றில் நிரலையே கொன்றுவிடுகிறது. தப்பைத் திருத்தத்தானே ஐயா அந்த விசை இருக்கிறது? இதை எவன் முடிவு செய்தான்? எங்கே உட்கார்ந்து முடிவு செய்தான்? சாப்பிட்டுவிட்டா, சாப்பிடாமலா?

பிப்ரவரி 4, வெள்ளி

ராய்ஸோடு சண்டை. நான் எழுதியதைப் படித்துவிட்டு வந்தான்.

“விசைய மாத்திக்கணும்னு ஒருத்தர் கேட்டா?”

“யாரு கேப்பாங்க?”

“யாராவது.”

“பேர் சொல்லு, ராய்ஸ்.”

சொல்லவில்லை. அதற்குப் பதில், “நீ பண்றது பொம்மை. இதை எவன் மதிப்பான்?” என்றான். உன் நாற்பத்தொரு பக்கத்தை இந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் முழுக்கப் படித்திருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டேன். ஒருத்தரும் இல்லை என்று பதிலையும் நானே சொன்னேன்.

சொல்லியிருக்கக் கூடாது. முகம் சிவந்து போய்விட்டது அவனுக்கு. வண்டி நிறுத்துமிடத்தில் கண்ணாடிப் பனியைச் சுரண்டும்போது அழுகை வந்தது. அவனுக்காக இல்லை. எதற்கென்றும் சரியாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 8, செவ்வாய்

காலையில் என் நாற்காலிமேல் ஒரு தாள். ராய்ஸின் கையெழுத்து. நிரல் எப்படி விழுந்தாலும், யாராவது நடுவில் கொன்றாலும், விழுவதற்கு முன்னால் திரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு விழவைக்கும் வழி. இருபத்திரண்டு வரி. அந்த ஊமைத் திரைக்கு மருந்து. நான் நாலு நாளாக முட்டிக்கொண்டிருந்த சுவர்.

அவன் அறைக்குப் போனேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பொம்மையா இருந்தாலும் உடையக் கூடாது இல்ல,” என்றான். வெள்ளிக்கிழமை பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் குறிப்பைப் பதினோரு பேர் முழுக்கப் படித்திருக்கிறார்களாம், எண்ணி வைத்திருக்கிறான்.

பிப்ரவரி 10, வியாழன்

எமெட்டிடம் சோதித்துப் பார்க்கச் சொல்லிப் போனேன். முடியாது என்றார்.

“எனக்குன்னு தனியா ஊன்றுகோல் செஞ்சு தராத.”

எல்லோருக்கும்தான் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

“நான் எத்தனை தடவை தப்பா அடிச்சேன்னு எண்ணி, தாள்ல எழுதி, கார்ல் கிட்ட காட்டினியாமே.”

ஆமாம், காட்டினேன். அவருக்கு உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் குதித்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை என்று கார்லைப் பற்றி இதே நோட்டில் எழுதினேன். நான் மட்டும் என்ன செய்தேனாம்?

“உங்ககிட்ட கேட்டிருக்கணும். கேக்கல. தப்புதான்,” என்றேன்.

“ஆமா, தப்புதான்.”

வெளியே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, வெள்ளி

அந்தத் தாளின் ஒரு படியை உறையில் போட்டு எமெட்டின் மேசையில் வைத்தேன். ஒன்றும் எழுதவில்லை. அவரைப் பற்றிய தாள், அவரிடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மதியம் வந்தார். உட்காரவில்லை.

“இந்த இருபத்தொம்பது நானா?”

“நீங்கதான்.”

“நாப்பத்தி நாலு யாரு?”

சொல்லமாட்டேன் என்றேன். நேற்றுத்தான் பாடம் படித்தேன், இன்றே மறக்க முடியாது. அவர் இடது கையால் தாளை மடிக்க முயன்று, முடியாமல், மடிக்காமலே சட்டைக்குள் செருகிக்கொண்டார். உதவிக்குக் கை நீட்டாமல் இருக்க நான் பட்ட பாடு.

“திங்கக்கிழமை அந்தச் சனியனைக் கொண்டா, பாக்கறேன்,” என்றார்.

பிப்ரவரி 14, திங்கள்

கொண்டுபோனேன். முதல் வரியையே வேண்டுமென்று தப்பாக அடித்தார். இடது அம்பு, இடது அம்பு, இடது அம்பு. ஒரு எழுத்தை மாற்றினார். அழுத்தினார். நிரல் ஏற்றுக்கொண்டது. மேல் அம்பை அழுத்தினார், முழு வரியும் திரும்ப வந்தது, ஊரின் பெயரை மட்டும் மாற்றி அடுத்த ஊருக்கு ஓட்டினார். அப்புறம் அடுத்த ஊர். ஒன்பது ஊரையும் பதினோரு நிமிஷத்தில் முடித்தார்.

என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: “இருபத்தாறு வருஷம். இது இவ்வளவு நாளா எங்க இருந்துது?”

எல்லா இடத்திலும் இருந்தது, எமெட். அதுதானே எரிச்சல்.

பிப்ரவரி 15, செவ்வாய்

நாளை சாம்பல் புதன், தவக்கால நோன்பு ஆரம்பம் என்பதால், பழப்பாகு வைத்துப் பொரித்த க்ரோஃபி பன் இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு போனேன். இருபத்து மூன்று நிரல்களிலும் வேலை முடிந்ததற்கும் சேர்த்து. ஒன்பதிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகளை வெட்டி எறிந்தேன். ஒவ்வொன்றிலும் சேர்த்தது ஒரே வரி. விளக்கக் குறிப்பு அரைப் பக்கம்.

க்ரோஃபியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நிரல்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அம்பு விசை வேலை செய்வதை ஒருவர்கூடக் கவனித்ததாகத் தெரியவில்லை. நேற்றுவரைக்கும் புகார் சொன்ன ஆட்கள்தான். பிறந்ததிலிருந்தே அது அப்படித்தான் இருந்தது மாதிரி அழுத்திக்கொண்டு போகிறார்கள்.

பிப்ரவரி 17, வியாழன்

கவனித்துவிட்டார்கள். புகார் வந்துவிட்டது.

பனி மேசையில் ஐந்து பேரும் ஒரே கணக்கில் நுழைகிறார்கள். பழைய வரிகளை நான் கணக்கின் பெயரில் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கிறேன். எமெட்டுக்கு நிரலைத் திட்டிக்கொண்டே வேலை செய்வது பழக்கம். வாயால் மட்டும் இல்லை, அடித்தும் திட்டுகிறாராம். தள்ளிவிடும் என்று தெரிந்துதான் அடிக்கிறார், ஆற்றாமை. இன்று மதியம் அடுத்து வந்தவர் மேல் அம்பை அழுத்தியிருக்கிறார். கட்டளைக்குப் பதில் வரிசையாக எமெட்டின் வசவுகள். சிலது இந்த நோட்டில்கூட எழுத முடியாது. ஒன்று கார்லைப் பற்றி. அப்போது பக்கத்தில் கார்ல் நின்றிருந்தார்.

ஆளுக்கொரு கோப்பு வைத்துச் சரிசெய்தேன். அரை மணி நேர வேலை. ஒரே இடத்தில் மாற்றினேன், இருபத்து மூன்றிலும் சரியாகிவிட்டது. இதை ராய்ஸிடம் சொன்னேன். “சரி, இது நல்லாத்தான் இருக்கு,” என்றான். எழுதி வைக்கிறேன், இன்னொரு தடவை சொல்லமாட்டான்.

மார்ச் 1, செவ்வாய்

கெடு இன்று. கார்லிடம் வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுத்தேன். “பாக்கலாம்,” என்றார். எதைப் பார்ப்பதாம்?

மார்ச் 3, வியாழன்

திரும்பவும் மேற்குக் காற்று, திரும்பவும் உறைபனி. ஏரியின் நடுவில் பனி உடைந்து திறந்துகிடந்தது. காலை மேசை எமெட்டுடையது. நான் காப்பி எடுக்கிற சாக்கில் மூன்று தடவை அந்தப் பக்கம் போனேன். மூன்றாவது தடவை, “காப்பி தீந்துடும், லொரெட்டா,” என்றார்.

எட்டு மணிக்குக் காற்று திடீரென்று கூடியது. முன்புபோல் என்றால் ஒன்பது ஊருக்கும் முதலிலிருந்து அடிக்கவேண்டும். வேகத்தில் இரண்டு இலக்கத்தை மாற்றினார். அடுத்தது. அடுத்தது. எட்டு பத்துக்கெல்லாம் எச்சரிக்கை எல்லா ஊருக்கும் போய்விட்டது. ஹார்லோ பாயின்ட்டில் எட்டேகாலுக்கு உறிஞ்சுவதைக் குறைத்தார்கள். எட்டு நாற்பதுக்குக் குழாய் வாயில் பனி பிடித்தது. அடைக்கவில்லை. மதியம் கரைந்து போயிற்று.

ஆக, இன்று எதுவும் நடக்கவில்லை. செய்தித்தாளில் ஒரு வரி வராது. கார்லும் காலையிலிருந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போய்ச் சொல்லட்டுமா என்று எமெட்டிடம் கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

“வேண்டாம். நானே போறேன்,” என்றார்.

மார்ச் 4, வெள்ளி

போனாராம். அறிக்கையில் ‘மனிதத் தவறு’ என்று எழுதியிருப்பதை மாற்றவேண்டும், அதற்கப்புறம்தான் மற்றப் பேச்சு என்றாராம். சட்டைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து வைத்தாராம். கார்ல் என்ன சொன்னார் என்று கேட்டேன். “கார்ல் சொல்றதை நான் எதுக்குச் சொல்லணும், அவரையே கேளு,” என்று சொல்லிவிட்டு தவக்கால வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடத் தேவாலயத்துக்குப் போய்விட்டார்.

கார்லைக் கேட்டேன். யோசிக்கிறாராம்.

மார்ச் 22, செவ்வாய்

ராய்ஸ் ஆற்று வெள்ளத்துக்காகப் புது நிரல் எழுதுகிறான். உள்ளே எட்டிப் பார்த்தேன். என் அழைப்பைத்தான் பயன்படுத்தியிருக்கிறான். பக்கத்தில் குறிப்பு: ‘மாற்றுவதற்கு இதில் எதுவுமே இல்லை. பதினைந்து நிமிஷம் தேடினேன்.’

பாராட்டா, புகாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 19, திங்கள்

இந்த நோட்டை ஆறு மாதமாகத் திறக்கவில்லை. எழுதுவதற்கு எரிச்சல் வேண்டும்போல.

இன்று எரிச்சல் என்னுடையது இல்லை. குளிர்காலத்துக்கான பனி மேசைப் பட்டியலைக் கார்ல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். டிசம்பர் இருபத்தைந்து, காலை ஆறு மணி: ஹாலரன். ஜனவரி ஒன்று, காலை ஆறு மணி: ஹாலரன். பழைய பதிவேடுகள் பிரிவைப் பற்றி ஏப்ரலுக்கு அப்புறம் யாரும் பேச்செடுக்கவில்லை.

காலையிலிருந்து எமெட் புலம்பித் தள்ளிவிட்டார். என் அறையில் பத்து நிமிஷம். ராய்ஸின் அறையில் பதினைந்து. இருபத்தேழு வருஷம் உழைத்தவனுக்கு இதுதான் மரியாதையா, இந்தக் கட்டடத்தில் ஏரியைப் பார்க்கத் தெரிந்த வேறு ஆளே இல்லையா என்று நடைவழியில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம். மதியத்துக்குள் கார்ல் காதுக்கும் போய்விட்டது. பேனாவை எடுத்துக்கொண்டு வந்து, பலகையின் முன்னால் நின்று, அந்த இரண்டு நாளையும் வேறு யாருக்காவது மாற்றிவிடட்டுமா என்று கேட்டார்.

“மாத்தச் சொன்னேனா நான்?” என்றார் எமெட்.